படைக்குப் பிந்து: போக்கர் மேசையில் இடத்தின் மதிப்பு

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது பழமொழி. போக்கர் மேசை படைக்களத்தைச் சேர்ந்தது. அங்கே பிந்துபவருக்கே ஆதாயம்.

டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள். அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள். பந்தயம் கட்ட நான்கு சுற்றுகள். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் முதலில் முடிவெடுப்பவர், தமக்குப் பின்னுள்ள எட்டுப் பேரின் எண்ணத்தை அறியாமலே பணம் வைக்கிறார். டீலர் இடத்தில் இருப்பவரோ, பொதுச்சீட்டுகள் திறக்கத் தொடங்கியபின் ஒவ்வொரு சுற்றிலும் பிறர் தயங்கியதையும் துணிந்ததையும் கண்டபின்பே பேசுகிறார். வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த ஏஸும் பத்தும் கையில் வந்தால், முதல் இருக்கையில் இருப்பவர் அவற்றைக் கைவிடுவது நலம். எல்லோரும் விலகி ஆட்டம் டீலர் இடத்திற்கு வந்தால், அதே சீட்டுகளைக் கொண்டு பந்தயத்தை உயர்த்தலாம். சீட்டு மாறவில்லை; இடம் மாறியதால் மதிப்பு மாறிற்று.

இதற்கு எண்வழிச் சான்றும் உண்டு. இருவர் மட்டும் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டெமை ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்து, 2015-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இருவரும் பிழையின்றி ஆடினாலும், டீலர் இடத்திற்கு ஆயிரம் ஆட்டங்களுக்குச் சராசரியாக 88 'பெரிய பிளைண்ட்' அளவு ஆதாயம் கிட்டுகிறது.

டீலர் இடம் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒருவர் நகர்வதால், நாளடைவில் இந்த ஆதாயம் அனைவருக்கும் சமமாகவே பங்கிடப்படுகிறது. எஞ்சுவது, அதை யார் பயன்படுத்தத் தெரிந்தவர் என்பதே. போக்கர் வாய்ப்பை நம்பிய ஆட்டம் என்றது குஜராத் உயர்நீதிமன்றம் (2017). ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்றது சென்னை உயர்நீதிமன்றம் (2023). இடத்தின் கணக்கை அறிந்தவர் பின்னதையே ஏற்பர், நானும் ஏற்கிறேன்.

ஆனால் திறன் என்று நிறுவியதும், தீங்கற்றது என்றும் நிறுவிவிட்டதாகக் கருதுவது தருக்கப் பிழை. குலுக்கல் சீட்டின் முன் கற்றவரும் கல்லாதவரும் சமம். போக்கரில் அவ்வாறன்று. இடத்தின் மதிப்பை அறியாத புதியவர், அறிந்தவருக்குச் சுற்றுதோறும் கப்பம் கட்டுகிறார். பணத்திற்கு ஆடும் தளம் ஒவ்வொரு பந்தயத் தொகையிலும் தன் பங்கை எடுத்துக்கொள்வது தனி. திறனின் பங்கு கூடக்கூட, புதியவரின் இழப்பு உறுதிப்படுகிறது. விடுதி அறையில் கைப்பேசியோடு அமர்ந்து, கல்விக்கட்டணத்தை வைத்து ஆடும் மாணவருக்குத் 'திறன் விளையாட்டு' என்னும் சொல் கேடயமாகாது. அவரை உள்ளே இழுக்கும் தூண்டிலாகும்.

2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறன், வாய்ப்பு என்னும் பாகுபாட்டையே ஒதுக்கி, இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்தது. முழுத்தடை தகுமா என்பதில் கருத்து வேறுபடலாம். தீங்கு உண்டா என்னும் வினாவைத் திறன் உண்டா என்னும் வினாவிலிருந்து பிரித்தது சரியே.

ஆட்டக்கோட்பாடு கற்பிக்கும் வகுப்புகளில் போக்கருக்கு இடம் உண்டு. புளியங்கொட்டையைப் பந்தயமாக வைத்து ஆடிப் பாருங்கள். யார் கடைசியில் பேசுகிறார் என்பதன் வலிமை அதிலேயே விளங்கும்.