வாடிக்கையாளர் சொல்வதும் செய்வதும்

"சாமான் எப்படி?" என்று கேட்டால் எமது வாடிக்கையாளர்கள் "நல்லம்" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்த ஒரு சொல்லை நம்பி நானும் ஒரு வருடம் புதிய மாதிரியில் புத்தகப்பைகள் தைப்பித்தேன். பாதிக்கு மேல் கடையிலேயே தேங்கிவிட்டது. பிறகுதான் அவதானித்தேன், தாய்மார் பையைக் கையில் எடுத்ததும் தண்ணீர்ப் போத்தல் வைக்கும் இடத்தைத்தான் முதலில் தேடினார்கள். என் பையில் அது இருக்கவில்லை.

பெரிய நிறுவனங்களும் இப்படிச் சறுக்கியுள்ளன. 1985 ஏப்ரலில் கொக்கா கோலா நிறுவனம் தனது பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 இலட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கக் கொடுத்தது. பெரும்பாலானோர் புதியதையே விரும்பினர். ஆனால் மக்களின் எதிர்ப்பால் ஜூலையிலேயே பழைய பானத்தை மீண்டும் கொண்டுவர நேர்ந்தது. எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. பழையது இல்லாமற் போனால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம், அமெரிக்காவின் ஒக்ஸோ நிறுவனத்தைப் பாருங்கள். மூட்டுவாதம் உள்ள தன் மனைவி தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கண்டார் சாம் ஃபார்பர். தடித்த, மென்மையான பிடியுள்ள கருவிகளை 1990இல் சந்தைக்கு விட்டார். அதே நிறுவனத்தார் அளவுக் கோப்பையில் என்ன குறை என்று கேட்டபோது, உடைகிறது, வழுக்குகிறது என்றார்கள். பாவிக்கும்போது பார்த்தாலோ, ஊற்றுகிறார்கள், குனிந்து அளவைப் பார்க்கிறார்கள், மீண்டும் ஊற்றிக் குனிகிறார்கள். அதை ஒருவரும் குறையாகச் சொல்லவில்லை. மேலிருந்தே அளவு தெரியும் கோப்பை அந்தக் குறையைத் தீர்த்தது.

"ஐந்தாறு பேரைப் பார்த்து ஐயாயிரம் சாமான் செய்வதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை செய்வது என்பதற்கு எண்ணிக்கை வேண்டும். எப்படிச் செய்வது என்பதற்கு அவதானிப்பு வேண்டும்.

ஆகவே சகோதர வர்த்தகர்களே, "பிடிக்குமா?" என்று கேட்பதை விடுங்கள். "கடைசியாக வாங்கியதில் என்ன கஷ்டம் வந்தது?" என்று கேளுங்கள். பாவிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வாங்காமல் திரும்பியவர் எதைத் தேடினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இதற்கு ஒரு வாரம் போகும். தேங்கிய சாமானில் முடங்கும் முதலோ மாதக்கணக்கில் திரும்பி வராது.