வேகம் மட்டும் போதாது!

வீட்டுக்கு இணைய இணைப்புப் பெறுவது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று கருதப்பட்ட காலம் மலையேறிவிட்டது. 2020 மார்ச்சில் பொது முடக்கம் அறிவிக்கப்பட்டு, வகுப்பறையும் அலுவலகமும் வீட்டுக் கூடத்துக்கு இடம் மாறியபோது, மின்சாரம், குடிநீர் போன்ற அடிப்படைத் தேவைகளின் வரிசையில் இணையமும் சேர்ந்துவிட்டது. ஆனால், எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு விளம்பரங்கள் இரண்டே எண்களைத்தான் தருகின்றன. ஒன்று, வேகம், மற்றொன்று, மாதக் கட்டணம். இணைப்பு அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்யப்படும் என்கிற மூன்றாவது எண்ணை எவரும் சொல்வதில்லை. வாடிக்கையாளரின் நிம்மதியைத் தீர்மானிப்பதோ அந்த மூன்றாவது எண்தான்.

கட்டணத்தைப் பொறுத்தவரை இந்தியா கண்டிருக்கும் மாற்றம் வியப்புக்குரியது. 2004 அக்டோபரில் வெளியிடப்பட்ட பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' சேவையைத் தொடங்கியபோது, அந்த வேகத்துக்கு மாதம் ரூ.500 கட்ட வேண்டியிருந்தது; பதிவிறக்க அளவுக்கு வரம்பும் இருந்தது. 2020-இல் ஜியோ நிறுவனம் 30 மெகாபிட் வேகத்துக்கு ரூ.399 என்று அறிவித்தது. வேகம் நூறு மடங்குக்கு மேல் உயர, கட்டணமோ குறைந்தது. 2023 ஜனவரியில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வேகமும் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. போட்டியால் விளைந்த இந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது.

அப்படியிருந்தும், கைப்பேசி வழியாக இணையத்தைப் பயன்படுத்துவோர் 90 கோடிக்கும் அதிகம் என்றால், கம்பிவழி பிராட்பேண்ட் இணைப்புகள் அதில் இருபதில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கின்றன. கட்டணம் மட்டுமே தடை என்றால் இந்த இடைவெளி எப்போதோ குறைந்திருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு கம்பி இழுப்பதும், அறுந்தால் ஆளனுப்பி இணைப்பதும் கோபுரம் நிறுவுவதைப் போன்ற வேலை அல்ல என்பதுதான் காரணம்.

விளம்பரத்தில் காணும் கட்டணம் உண்மையான கட்டணமும் அல்ல. ரூ.399 என்பதுடன் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் ரூ.470-ஐத் தாண்டிவிடும். ஆறு மாதம் அல்லது ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் இணைப்புக் கட்டணம் இல்லை என்பது சலுகைபோலத் தோன்றும். ஆனால், சேவை பிடிக்காவிட்டால் விலகும் சுதந்திரத்தை வாடிக்கையாளர் அதற்கு விலையாகக் கொடுக்கிறார். 'வரம்பற்ற' என்கிற சொல்லுக்கும் வரம்பு உண்டு. பல வீட்டுத் திட்டங்களில் மாதம் 3,300 ஜி.பி.க்குப் பிறகு வேகம் குறைக்கப்படுகிறது. அப்போதும் அது 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று 2016-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது.

எத்தனை பேருக்கு 300 மெகாபிட் வேகம் தேவை என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். உயர்தரக் காணொலி ஒன்றைப் பார்க்க 5 மெகாபிட் அளவு போதும். நான்கு பேர் கொண்ட சராசரிக் குடும்பத்துக்கு 40 அல்லது 50 மெகாபிட் வேகம் குறைவானதல்ல. கூடுதல் வேகத்துக்காகச் செலவிடும் பணம், இணைப்பு மூன்று நாள் முடங்கிக் கிடக்கும்போது எந்தப் பயனும் தருவதில்லை.

முடங்குவதற்குக் காரணங்கள் பல. நகரங்களில் கண்ணாடி இழைக் கம்பிகள் பெரும்பாலும் மின்கம்பங்களில்தான் தொங்குகின்றன. 2025 ஆகஸ்டில் ஹைதராபாதில் ஊர்வலத்தின்போது மின்சாரம் பாய்ந்து உயிரிழப்புகள் நேரிட்டதைத் தொடர்ந்து, கம்பங்களில் இருந்த கேபிள்கள் பெருமளவில் அறுத்து அகற்றப்பட்டன. பல பகுதிகளில் இணையம் நின்றது. மாதந்தோறும் தவறாமல் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் செய்த பிழை என்ன?

பழுதுபார்க்கும் ஆள் பலமும் கேள்விக்குறியாகியிருக்கிறது. 2019-இல் அறிவிக்கப்பட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ், பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000-க்கும் அதிகமானோர் 2020 ஜனவரி 31-ஆம் தேதியுடன் விடைபெற்றனர். சம்பளச் செலவு குறைந்தது உண்மை. கம்பத்தில் ஏறிக் கோளாறைச் சரிசெய்யும் அனுபவசாலிகளும் அவர்களுடன் போய்விட்டனர் என்பதும் உண்மை. 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மத்திய அரசு அறிவித்த மூன்று மறுசீரமைப்புத் திட்டங்களின் மொத்த மதிப்பு ரூ.3 லட்சம் கோடிக்கும் அதிகம். செலவைக் குறைத்தால் சேவை எங்கே குறையும் என்கிற கேள்வி வீட்டுக்கு மட்டுமல்ல, அரசுக்கும் பொருந்தும்.

விதிகள் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் தர விதிகளுக்குப் பதிலாக 2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட புதிய தர விதிமுறைகள் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணம் செலுத்திய ஏழு நாள்களுக்குள் 98 சதவீத பிராட்பேண்ட் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும். கம்பிவழிச் சேவையில் பழுது மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஆனால், ஒரு தொலைத்தொடர்பு வட்டம் முழுவதற்குமான சராசரியை வைத்து, தன் தெருவில் சேவை எப்படி இருக்கும் என்று ஒருவர் அறிந்துகொள்ள முடியாது. கைப்பேசி நிறுவனங்கள் தங்கள் சேவை எங்கெங்கு கிடைக்கிறது என்று வரைபடம் வெளியிட வேண்டும் என அதே விதிமுறைகள் கட்டாயப்படுத்தும்போது, வீட்டு இணைப்புக்கு மட்டும் அத்தகைய வெளிப்படைத்தன்மை ஏன் கூடாது?

தேர்வு செய்யும் உரிமையே இல்லாத நிலையும் உண்டு. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கட்டுமான நிறுவனமோ குடியிருப்போர் சங்கமோ அனுமதித்த நிறுவனத்தின் கம்பி மட்டுமே வீட்டுக்குள் நுழைய முடிகிறது. கட்டடங்களின் இணைய வசதியை மதிப்பிட 2024 அக்டோபரில் டிராய் விதிமுறை வகுத்திருக்கிறது. அது தாமாக முன்வரும் கட்டடங்களுக்கு மட்டுமே என்பதால் பயன் ஓரளவுதான்.

குறைதீர்க்கும் வழியும் எளிதாக இல்லை. தனிநபர் புகார்களை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்குக் கிடையாது. நிறுவனத்தின் புகார் மையத்தையும், பின்னர் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பையும்தான் வாடிக்கையாளர் அணுக வேண்டும். தொலைபேசிக் குறைகளுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று 2009-இல் வந்த தீர்ப்பு அடைத்த கதவை, 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மீண்டும் திறந்தது. 2023 டிசம்பரில் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த உரிமையைப் பாதுகாப்பதுடன், இணையவழியில் தகராறுகளைத் தீர்க்கும் ஏற்பாட்டுக்கும் வகை செய்கிறது. இரு அவைகளிலும் 140-க்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த சூழலில் அந்த மசோதா நிறைவேறியது. நுகர்வோர் சார்பில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய பல கேள்விகள் அதனால் கேட்கப்படாமலே போயின.

இனியாவது அவை கேட்கப்பட வேண்டும். அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக, பழுது நீக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரத்தை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும். பழுதுக்கான ஈட்டுத்தொகை, கேட்டால்தான் என்றில்லாமல், அடுத்த கட்டணத்தில் தானாகவே கழிக்கப்பட வேண்டும். ஆண்டுக் கட்டணம் செலுத்தியவர் சேவைக் குறைபாட்டால் விலகினால் எஞ்சிய தொகை திருப்பித் தரப்பட வேண்டும். விளம்பரங்களில் வரியுடன் சேர்ந்த கட்டணமே இடம்பெற வேண்டும்.

அதுவரை வாடிக்கையாளர்தான் விழிப்புடன் இருந்தாக வேண்டும். விளம்பரத்தை விட, அதே தெருவில் அதே இணைப்பை வைத்திருப்பவரின் அனுபவம் நம்பத்தக்கது. ஓராண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம். மாதம் ஐம்பது, நூறு ரூபாய் கூடுதலானாலும், அழைத்தால் வருகிற நிறுவனமே மலிவான நிறுவனம். மலிவு விலையில் இணையத்தைத் தந்துவிட்டோம் என்று பெருமைப்படும் அரசு, அது தடையின்றிக் கிடைப்பதையும் உறுதி செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெருமைக்குப் பொருளில்லை.