உப்புக்கு ஏன் மணம் இல்லை

போடி பஜாரில் ஏலக்காய்க் கடைகள் இருக்கிற பக்கம் போனால், மூட்டை கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்துவிடும். பக்கத்து மளிகைக் கடை வாசலில் உப்பு மூட்டை அடுக்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கடந்தால் அது இருப்பதே தெரியாது. வேதிப்பிணைப்புப் பாடத்தை இந்த வித்தியாசத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், குளோரின் வாங்கிக்கொள்ளும் என்று பாடத்தில் படம் போட்டிருக்கும். படத்தில் தப்பில்லை. ஆனால் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் ஜோடி சேர்ந்துவிட்ட மாதிரி பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. உப்புக் கல்லுக்குள் அப்படி ஜோடியே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு. ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். கல் முழுக்க எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன. தனியாகக் கிளம்பிப் போக ஒரு துண்டும் இல்லை. உருக்கவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அது எப்படிக் காற்றில் ஏறி மூக்குக்கு வரும்?

ஏலக்காய் எண்ணெயில் முக்கியமானவை சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும். சினியோல் மூலக்கூறு ஒன்றில் கார்பன் 10, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 1. இங்கே யாரும் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. 1916-இல் கில்பர்ட் லூயிஸ் விளக்கிய சகப்பிணைப்பு இதுதான். சகப்பிணைப்பு பலவீனமானது, அதனால்தான் இவை சீக்கிரம் ஆவியாகின்றன என்று டியூஷன்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். மூலக்கூறுக்குள் 29 அணுக்களும் இறுகத்தான் பிடித்திருக்கின்றன. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் பிடி தளர்வு. காயை உரித்ததும் வருகிற மணம், ஒரு பிணைப்பும் அறாமல் முழுசாகக் கிளம்பி வந்த மூலக்கூறு.

மலைமேல் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஸ்டோர்களில், அதாவது உலர்த்தும் கூடங்களில், ஏலக்காய் உலர்த்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கமாகவே இருக்கிறது. பச்சைக் காயில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். அதைப் 10 சதவீதம் அளவுக்கு இறக்க வேண்டும். தண்ணீரும் மூலக்கூறுதான், அதுவும் உடையாமல்தான் வெளியேறுகிறது. சூட்டை 45 முதல் 50 டிகிரிக்குள் வைத்திருப்பார்கள். ஏற்றிவிட்டால் தண்ணீரோடு எண்ணெயும் கிளம்பிவிடும், காயும் வெடிக்கும்.

மழைக்காலத்தில் தோட்டத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான குணம். அடித்த மருந்து இலையை விட்டுப் போகக் கூடாது. அழுகல் நோய்க்கு அடிக்கிற போர்டோ கலவையை 1885-இல் பிரான்சில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் அறிவித்தார். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், அயனிச் சேர்மம். தண்ணீரில் போட்டதும் தாமிர அயனிகள் பிரிந்து கரைந்துவிடும். அதை அப்படியே அடித்தால் இலை கருகும், மிச்சமும் மழையில் கழுவிப் போகும். சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கும்போது தாமிரம் கரையாத நீலப் படிவாக மாறி, இலையில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அயனியை விடுகிறது.

கலவை சரியா என்று பார்க்க, தீட்டின கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்புப் பூச்சு ஏறினால் தாமிர அயனி இன்னும் கரைசலில் மிச்சமிருக்கிறது. இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைய, அதை வாங்கிய தாமிரம் உலோகமாகப் படிகிறது. எலக்ட்ரான் கைமாறுவதை வெறுங்கண்ணால் இவ்வளவு தெளிவாகக் காட்ட வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. போடிப் பள்ளிகளின் ஆய்வகங்களில் ஒரு குவளையும் ஒரு கத்தியும் இருந்தால் போதும். தோட்டத்தில் இரும்பு வாளியை ஒதுக்கிவிட்டுப் பிளாஸ்டிக் டிரம்மில் கலக்குவதும் இதனால்தான். பூச்சு ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றிக் கலக்கி, கத்தி நிறம் மாறாமல் வரும்வரை பார்த்துவிட்டு, அன்றைக்கே அடித்துவிட வேண்டும்; மறுநாளைக்கு வைத்தால் ஒட்டும் தன்மை குறைந்துவிடும்.