பார்க்கும் உரிமையும் மாற்றும் உரிமையும்

கோப்பைச் சுற்றி நடந்த அரசியல் சண்டைகள் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதியவையல்ல. அலுவல் தொடர்புகளுக்கு அரசு அலுவலர்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017 ஜனவரியில் அன்றைய முதல்வர் நாராயணசாமியின் அரசு ஆணையிட்டது. அவற்றின் சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி சில நாள்களிலேயே அதை ரத்து செய்தார். எந்தக் கோப்பையும் கேட்டுப் பெறும் அதிகாரம் ஆளுநருக்கு உண்டா என்பதும் வழக்காயிற்று. 2019 ஏப்ரல் 30-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

இதில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். என்னை உறுத்தியது, பார்க்கும் உரிமையும் முடிவை மாற்றும் உரிமையும் ஒன்றாகவே பேசப்பட்டதுதான். கணினித் துறை இவற்றை 1970-களிலேயே பிரித்துவிட்டது. பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, ஏனையோர் என மூன்று தரப்பினர். ஒவ்வொரு தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க எனத் தனித்தனி அனுமதி. லினக்ஸ் சர்வர்களிலும் இதே ஏற்பாடுதான். அனுமதிகளையே மாற்றும் அதிகாரம் உரிமையாளருக்கும் தலைமை நிர்வாகிக்கும் மட்டுமே உண்டு. ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் விடுபட்டவற்றை முடிவு செய்யும் அதிகாரமே உடைமை என்பது 2016-இல் நோபல் பரிசு பெற்ற ஆலிவர் ஹார்ட்டின் கோட்பாடு. அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை.

நம் சிறு நிறுவனங்களின் நிலையோ வேறு. அண்மையில் ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கச் சென்றேன். கோப்பு திறக்கவில்லை என்று யாரோ முறையிட, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்ற எண்ணைப் போட்டுவிட்டிருந்தார்கள். ஐந்து ஊழியருக்கும் ஒரே கடவுச்சொல். விலைப்பட்டியலைத் திருத்தியவர் யார் என்று பதிவேட்டைப் பார்த்தால் எங்கும் ஒரே பெயர். கோப்பைப் பூட்டினால் போதும் என்று நினைப்போரும் உண்டு. ஆனால், அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி உள்ளவர், பொதுவாக அக்கோப்பையே அழித்துவிட முடியும்.

பட்ஜெட்டை அனைவரும் படிக்கலாம், திருத்துவோர் சிலரே. சம்பளப் பட்டியலையோ பலர் படிக்கவே கூடாது. இப்பிரிவைக் கணினி ஊழியரின் தலையில் கட்டாமல் முதலாளியே செய்ய வேண்டும்; உரிமையும் ஆளுக்கன்றி, பொறுப்புக்குத் தரப்பட வேண்டும். தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும், விலகிச் செல்லும் ஊழியரின் கணக்கை அன்றே மூடுவது யார் பொறுப்பு என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனத்தை இதுவரை நான் இங்கே கண்டதில்லை.