படுக்கையை அப்புறம் எண்ணலாம்

2021-ல மகாராஷ்டிராவும் கேரளாவும் கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை அறிவிச்சதுல இருந்து, புனேல நம்மாளுங்க கூடினாலே இந்தப் பேச்சுதான். மூணு பசங்க, தாத்தா பாட்டின்னா முதல் கேள்வி, "எத்தனை பேர் படுக்கலாம்?"

என் கட்சி வேற. ஓடும்போது எத்தனை பேர் பெல்ட் போட்டு உக்காரலாம்னு கேளுங்க மக்களே! கார்ல இழுக்கிற டிரெய்லர்னா, ஓடும்போது உள்ளே யாருமே இருக்கக்கூடாது. அஞ்சு சீட் கார் பின்னாடி ஏழு படுக்கை இருந்து என்ன பிரயோஜனம்? தண்ணி 100 லிட்டர் ரொப்பினா 100 கிலோ கூடும். காருக்கு அந்தத் தெம்பும் வேணும்.

மேல் படுக்கைக்குத் தடுப்பு இருக்கான்னு பாருங்க. (அங்க யாருன்னு வர்ற சண்டைக்கு எங்க வீட்ல தங்கமணிதான் நீதிபதி.) வாங்கறதுக்கு முன்னாடி, வாடகைக்கு எடுத்து மகாபலேஷ்வர்ல ஒரு ராத்திரி தங்கிப் பாருங்க.