மெக்கின்டோஷ்காரரும் விண்டோஸ்காரரும்

மலையகத்தில் இருவர் முதன்முறையாகச் சந்தித்தால் முதலில் கேட்பது எந்தத் தோட்டம் என்பது. அடுத்த கேள்வி பெரும்பாலும் எந்தச் சங்கம் என்பதாக இருக்கும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸா, தொழிலாளர் தேசிய சங்கமா, மலையக மக்கள் முன்னணியா? பதிலைக் கேட்ட பிறகுதான் பேச்சு நீளுமா, குறையுமா என்பது முடிவாகும். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருக்கும் அண்ணனும் தம்பியும் வேறு வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டி, தேர்தல் காலத்தில் முகம் பாராமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். இந்தக் கண்மூடித்தனமான விசுவாசத்தைக் கண்டித்துப் பத்திரிகையில் பல பத்திகள் எழுதியுமிருக்கிறேன்.

அவற்றை எழுதிய காலத்தில் நானும் ஒரு சங்கத்தின் தீவிர உறுப்பினனாக இருந்தேன் என்பதை இன்றுவரை எங்கும் எழுதியதில்லை. அந்தச் சங்கத்தின் பெயர் மெக்கின்டோஷ்.

பேராதனையில் கலைப்பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தது 1990களின் முற்பகுதியில். ஈய எழுத்துக்களின் காலம் முடிந்து கணினிகள் வந்துவிட்டிருந்தன. விளம்பரப் பகுதியினர் மெக்கின்டோஷ் வைத்திருந்தார்கள். செய்திப் பக்கங்கள் விண்டோஸ் கணினிகளில் தயாராயின. வார இதழின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இரவில் ஓய்ந்திருந்த விளம்பரப் பகுதி இயந்திரங்களில் என் பக்கங்களை அமைத்துக்கொண்டேன். அப்படித்தான் நான் மெக்காரன் ஆனேன். ஆராய்ந்து தேர்ந்தது எதுவுமில்லை. பிறந்த லயத்தைப் பொறுத்துச் சங்கம் அமைவதைப் போலத்தான்.

அதன் பிறகு நடந்த சண்டைகளை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எங்கள் எலிக்கு ஒரே ஒரு பொத்தான் இருப்பதை அவர்கள் கேலி செய்தார்கள். அவர்களுடைய திரை நீலமாகி உறைந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் நாங்கள் கைதட்டினோம். விலையைச் சொல்லி அவர்கள் எங்களைப் பணக்காரப் பிள்ளைகள் என்றார்கள். அழகைச் சொல்லி நாங்கள் அவர்களைக் கணக்கப்பிள்ளைகள் என்றோம். தேநீர் குடிக்கவும் இரு குழுக்களாகவே போனோம். இது எங்கள் அலுவலகத்து நோய் மட்டுமல்ல. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994 இல் எழுதிய ஒரு பத்தியில், மெக்கின்டோஷைக் கத்தோலிக்கம் என்றும் டாஸைப் புரட்டஸ்தாந்தம் என்றும் வேடிக்கையாக வகைப்படுத்தியிருந்தார். உலகெங்கும் இது மதச் சண்டையாகவே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் தலைவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? படங்களையும் எலியையும் கொண்டு கணினியை இயக்கும் முறையை ஆப்பிள்காரர்கள் 1979 இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் பார்த்து வியந்தார்கள். அதே முறையைத் தம்மிடமிருந்து விண்டோஸ் எடுத்துக்கொண்டது என்று 1988 இல் மைக்ரோசொஃப்ட் மீது வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள். 1997 ஆகஸ்டில் ஆப்பிள் தள்ளாடிக்கொண்டிருந்தபோது, மைக்ரோசொஃப்ட் அதில் 15 கோடி டொலர் முதலிடுவதாக பொஸ்டன் நகர மாநாட்டில் ஸ்டீவ் ஜொப்ஸே அறிவித்தார். பில் கேட்ஸின் முகம் பெருந்திரையில் தோன்றியதும் கூடியிருந்த ஆப்பிள் அன்பர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். மேடையில் கைகுலுக்கல், சபையில் கூச்சல். கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலத்தில் எதிரெதிர்ச் சங்கத் தலைவர்கள் கொழும்பில் ஒரே மேசையில் கையெழுத்திடுவதும், தோட்டத்தில் அவர்களுடைய ஆட்கள் பேசாமல் திரிவதும் நமக்குத் தெரிந்த காட்சிதானே.

இந்தச் சண்டையில் தமிழுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்நாட்களில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்து ஏமாற்றினோம். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையைத்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா இல்லை. அந்த ஆங்கிலக் குப்பைதான் இருக்கும். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த ஒட்டுவேலை மாறுபட்டது. அதோடு, ஆங்கில எழுத்துக்களுக்கு அப்பாலுள்ள மேல்பாதி இடங்களை மெக்கும் விண்டோஸும் வெவ்வேறு விதமாக நிரப்பியிருந்தன. ஆகவே அங்கே குடியிருந்த தமிழ் வடிவங்கள் ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் போகும்போது இடம் மாறிவிடும். பிளாப்பித் தட்டுகளிலும் அதே பேதம். மெக்குக்காகத் தயார்செய்த தட்டை விண்டோஸ் வாசிக்காது. தட்டு தயார்செய்யப்படவில்லை, இப்போது தயார்செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துவிடும்.

1996 இல் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். எங்களுக்கெல்லாம் அவர் மாஸ்டர். இருபது ஆண்டுகளாகச் சாமிமலையிலும் பொகவந்தலாவையிலும் லயம் லயமாக ஏறி இறங்கி, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்துப் பாட்டு என்று இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொப்பிகளில் எழுதிவைத்திருந்தார். பாடிய கிழவிகளில் பாதிப்பேர் அப்போதே உயிரோடு இல்லை. கொப்பிகளைக் கூரை ஒழுக்கு தின்றுகொண்டிருந்தது. நான் சில பாடல்களை வார இதழில் வெளியிட்டேன். முழுவதையும் இரவுகளில் எங்கள் மெக்கில் தட்டச்சுச் செய்து மூன்று தட்டுகளில் போட்டுக் கொடுத்தேன். நூலாக்கப் பணம் கிடைத்ததும் அச்சிடலாம் என்பது திட்டம்.

தட்டுகளை வாங்கிக்கொண்ட மாஸ்டர் தயங்கிச் சொன்னார்: “தம்பி, ஒரு பிரதி மற்றக் கணினியிலயும் போட்டுத் தர முடியுங்களா? அட்டன்ல இருக்கிறதெல்லாம் அந்த வகைதான்னு சொல்றாங்க.”

முடியும். பாமினியில் மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டும். ஒரு வார வேலை. செய்திப் பகுதியில் இருந்த நண்பரிடம் கேட்டால் அவர் செய்து தந்திருப்பார். ஆனால் எந்த மனிதரிடம் விண்டோஸ் ஒரு கணினியே அல்ல என்று முந்திய வாரம் வாதாடினேனோ, அவரிடம் போய் உதவி கேட்க என் மனம் இடம் தரவில்லை. “அதெல்லாம் தேவையில்லை மாஸ்டர், இனி எல்லாரும் மெக்குக்குத்தான் வருவாங்க” என்றேன். எத்தனை பெரிய பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் ஏன் சொன்னேன் என்பது தெரியும்.

2023 இல் மலையகம் 200 நினைவுகூரல்கள் நடந்தபோது மாஸ்டரின் மகள் ஒரு பிஸ்கட் டின்னோடு வீட்டுக்கு வந்தார். அப்பா போய் ஒன்பது வருடமாகிறது, மாமா, இதைத் திறந்து பார்க்க முடியுமா என்றார். உள்ளே அதே மூன்று தட்டுகள், அட்டையில் என் கையெழுத்து. ஒன்றை அட்டனில் ஒரு கணினி நிலையத்தில் போட்டபோது, தயார்செய்யட்டுமா என்ற கேள்விக்கு அங்கிருந்த பையன் ஆம் என்று அழுத்திவிட்டானாம். இரண்டாவதில் நம் மலைநாட்டு ஈரம் பூஞ்சணமாகப் படர்ந்திருந்தது. மூன்றாவதைக் கொழும்பில் பழைய மெக் ஒன்றைப் பாதுகாத்துவரும் நண்பர் திறந்தார். வரிவரியாக ஆங்கிலக் குப்பை. எழுத்துரு எங்கள் அச்சகத்துக்கென்று ஒருவர் செய்துகொடுத்தது. அது எவரிடமும் இல்லை.

வார இதழில் வந்த பாடல்களின் நறுக்குகளைப் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். நான்கு மாதம் பிடித்தது. 61 பாடல்கள் திரும்பி வந்தன. மற்றவை கொப்பியிலும் இல்லை, தட்டிலும் இல்லை, பாடியவர்களும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்களை இன்றும் நாம் படிக்கிறோம் என்றால், அவை தாளில் அச்சேறியதுதான் காரணம். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் வருடிச் சேமித்த பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் காக்க உதவியதும் அந்தத் தாள்தான்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் குறிமுறை ஸெரொக்ஸ், ஆப்பிள் பொறியியலாளர்களின் கூட்டு முயற்சியில் தொடங்கியது. மைக்ரோசொஃப்டும் அதில் இணைந்துகொண்டது. 1991 இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தது. நாங்கள் கொழும்பில் தேநீரைக்கூடப் பிரித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இரு ‘சங்கங்களின்’ பொறியியலாளர்களும் ஒன்றாக அமர்ந்து தமிழுக்கு இடம் ஒதுக்கி முடித்திருந்தார்கள். அது நடைமுறைக்கு வரக் காலம் எடுத்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தது. மெக்கில் 2005 இல் முத்து நெடுமாறனின் இணைமதி வந்து சேர்ந்தது. அதன் பின்னும் பாமினியை விடமாட்டோம் என்று நின்றவர்கள் நம்மவர்களே. சுரதாவின் எழுத்துருமாற்றி போன்றவற்றை ஊதியமின்றிச் செய்து தந்தவர்கள் இல்லாவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

போட்டியால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று விரட்டியதால்தான் கணினி நம் கைக்கு எட்டியது. எந்தக் கணினி பிடிக்கும் என்பது சுவை சார்ந்தது. இன்றும் நான் மெக்கில்தான் எழுதுகிறேன். ஆனால் கணினிக்கு விசுவாசம் தேவையில்லை. அது நம்மிடம் சந்தா மட்டும்தான் கேட்கிறது. விசுவாசம் எழுத்துக்கு உரியது. இன்று ஐபோனா ஆண்ட்ரொய்டா என்று பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உன் பாட்டியின் குரலை அதில் பதிந்துவைத்திருக்கிறாயே, அந்தத் தொலைபேசி செத்தால் அது எங்கே இருக்கும்?

கனடாவிலும் நோர்வேயிலும் தமிழ்நாட்டிலும் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியிலும் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும். பாமினியிலோ, பெயர் மறந்த வேறேதோ எழுத்துருவிலோ, அப்பா எழுதிய நாடகம், ஊர்ச் சங்கத்தின் மலர், கடிதங்கள். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். திறக்க முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரு பிரதியைத் தாளிலும் எடுங்கள். தட்டைத் தயார்செய்யட்டுமா என்று கணினி கேட்டால் ஆம் என்று மட்டும் அழுத்தாதீர்கள்.

61 பாடல்களையும் தாளில் எடுத்து மாஸ்டரின் மகளிடம் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்தவர், மிச்சம் எப்ப வரும் மாமா என்று கேட்டார்.