எங்கள் அடுப்பு எந்த வீதியில்?

போன மாதம் வெளியூர் நண்பர்கள் சிலரோடு மதுரையில் 'உணவு உலா' போயிருந்தேன். தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால், வழிகாட்டி ஒருவர் பொழுது சாயத் தொடங்கி ராத்திரி வரை கடை கடையாகக் கூட்டிப்போவார். மாசி வீதியில் பருத்திப்பால், சௌராஷ்டிரர்களின் முள்ளுமுருங்கை வடை, கறி தோசை, குடல் குழம்பு, கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி என்று உருதுவும் சொல்லிக் கொடுத்தார். ருசியில் குறையில்லை. நானும் விரலைச் சூப்பித்தான் தின்றேன்.

கோபுரத்தருகே நிறுத்தி நாயக்கர் கதை சொன்னார். 1939 ஜூலை 8ஆம் தேதி கக்கன் உள்ளிட்ட நம்மவர்கள் வைத்தியநாதய்யரோடு அந்தக் கோயிலுக்குள் நுழைந்ததைச் சொல்லவில்லை. சாமி பார்க்கவே அதுவரை காத்துக் கிடந்த சனம், அதே வீதியில் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும்? உணவு விடுதிக்குள் நுழையும் உரிமையை அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. தானாகக் கிடைத்திருந்தால் எதற்கு எழுதப் போகிறார்கள்? எழுதிய பிறகும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை தொங்கியது. 'பாரம்பரியம்' என்கிற சொல்லுக்குள் இந்தக் குவளைக்கு இடமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வழிகாட்டியின் மௌனத்தை மட்டுமல்ல. நடுவில் அவர், "ஒங்க ஒங்க வீட்டு ஸ்பெஷல் என்னன்னு சொல்லுங்க" என்றார். ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். என் முறை வந்தது. "இட்லி, சாம்பார்" என்றேன்.

பொய். எங்க வீட்டு விசேஷம் மாட்டுக்கறி. மிஞ்சியதை அம்மா உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோத்துக் காயப் போடும். மழைக்காலத்துக்கு அந்த உப்புக்கண்டம்தான். டவுனில் வாடகை வீடு பார்த்து வந்த பிறகு கொடி வீட்டுக்குள் வந்தது; அப்புறம் கொடியே இல்லாமல் போனது. மேடையில் கலகக் கவிதை வாசிக்கிற வாய்தான் அன்றைக்கு சாம்பார் என்றது.

இது என் ஒருவனின் கூச்சமல்ல. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு ஏற்பாடு செய்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளி வைத்தார்கள். பாகுபாடு இல்லையா இது என்று ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948லேயே நூலாக எழுதி வைத்தார். தட்டை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் இன்றைக்கும் போகவில்லை.

மராத்தியில் சாகு பாடோலே செய்த காரியம் நமக்குப் பாடம். உணவே பூரண பிரம்மம் என்கிற வாக்கைத் திருப்பி, 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று 2015ல் ஒரு புத்தகம் போட்டார். மராத்வாடாவின் மகர், மாங்கு மக்களின் அடுப்பை, பக்குவம் பக்குவமாக எழுதினார். தமிழில் அந்த வேலையை யார் செய்வது?

தோழர்களே, மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறபோது அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எதை, எப்படி, எதனால் சமைத்தார்கள். எதை யாருக்குத் தெரியாமல் மறைத்தார்கள். எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ் அதற்குத்தான்.

முதல் பக்கத்தில் உப்புக்கண்டம் போடும் பக்குவம் வரும். சொன்னது எங்கம்மா என்று என் பெயரிலேயே எழுதுகிறேன்.